நட்சத்திரப் படத்தில் வேண்டாத வெளிச்சம்: துடைப்பதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை, ஷட்டரை இரண்டிரண்டு நிமிடம் திறந்துவைத்து (அந்த நேரம்தான் எக்ஸ்போஷர்) பல படங்களாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்து, படத்தின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமை இழுத்து வெளிச்சமாக்கியதும் படத்தின் வலது ஓரம் ஊதாவாக ஒளிர்கிறது. இல்லையென்றால் கீழ் மூலை ஆரஞ்சாக இருக்கிறது. இல்லையென்றால் ஒரு பெரிய நட்சத்திரத்தைச் சுற்றி வெள்ளையாகப் புகை படர்ந்தது போல ஒரு வட்டம். உடனே சிரில், கிராக்ஸ்பெர்ட் போன்ற வானப்பட மென்பொருள் ஒன்றைத் திறந்து, பின்னணியைச் சமன்படுத்தும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். படமும் கொஞ்சம் தேறிவிடுகிறது. அடுத்த அமாவாசைக்கு அதே ஓரத்தில் அதே ஒளி திரும்ப வந்து நிற்கும்.

நீண்ட எக்ஸ்போஷர் படங்களில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான். வேண்டாத வெளிச்சம் கேமராவுக்குள்ளேயே பிறக்கலாம், ஏதாவது இடுக்கு வழியாக உள்ளே கசியலாம், லென்ஸின் கண்ணாடிகளுக்கு இடையே எதிரொளித்து வரலாம், வானத்திலேயே இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் துடைத்தால் வெளிச்சத்தோடு சேர்ந்து நெபுலாவும் போகும்.

கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போதும். வீட்டில் இருட்டான அறையில், லென்ஸைக் கழற்றி பாடி மூடியைப் போடுங்கள். வியூஃபைண்டரையும் மூடிவிட்டு, கேமராவையே கறுப்புத் துணிக்குள் சுற்றி வையுங்கள். வானத்தை எடுத்த அதே ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு), அதே எக்ஸ்போஷர். அதாவது ஐஎஸ்ஓ 1600, 120 விநாடி என்றால் அதேதான். தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். கேமராவின் திரையில் பார்த்தால் எல்லாம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், அதை நம்பிப் பிரயோஜனமில்லை. கேமரா எதையும் மாற்றாமல் சேமிக்கும் ரா ஃபைலைக் கணினியில் திறந்து, வானப் படத்தை எவ்வளவு இழுத்தீர்களோ அதே அளவு இதையும் இழுத்துப் பாருங்கள். ஊதா ஓரம் இதிலும் இருந்தால் அது கேமராவுக்குள் பிறப்பது, வானத்தைக் குறை சொல்ல வேண்டாம். முதல் படத்தையும் பத்தாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாவதில் கூடியிருந்தால் சூடுதான் காரணம்.

வெளியே போகும்போது இன்னொரு சோதனை. ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவை லென்ஸோடு சேர்த்து 90 டிகிரி திருப்பி அதே இடத்தை மறுபடி எடுங்கள். ஒளி படத்தின் அதே ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது கேமராவையோ லென்ஸையோ சேர்ந்தது. ஓரம் மாறி, எப்போதும் தொடுவானத்துப் பக்கமே நின்றால் அது ஊர் வெளிச்சம்.

சென்சாருக்குள் பிறக்கும் ஒளி

இதை எல்லோரும் ஆம்ப் குளோ என்பார்கள். ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் விளிம்பில் சிக்னலைப் பெருக்கிப் படித்தெடுக்கும் மின்சுற்றுகள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் ஓடும்போது கொஞ்சம் சூடு, கொஞ்சம் அகச்சிவப்பு ஒளி இரண்டும் வெளிவரும். பக்கத்திலேயே இருக்கும் பிக்சல்கள் அதை நட்சத்திர ஒளியாகவே எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். பகலில் ஐந்நூறில் ஒரு விநாடி திறக்கும்போது இது தெரியவே தெரியாது. நிமிடக்கணக்கில் திறந்து வைத்தால் ஓரத்திலிருந்து உள்ளே பரவும். 2004இல் வந்த நிக்கான் டி70இல் நீண்ட எக்ஸ்போஷர் எடுத்தவர்களுக்கு ஓரத்து ஊதா நன்றாகவே பழக்கம். இன்றும் வானியலுக்கென்றே விற்கும் கேமராக்களில் சோனியின் ஐஎம்எக்ஸ்294, ஐஎம்எக்ஸ்183 சென்சார் உள்ளவை ஓரத்தில் கதிர் விரித்தது போல ஒளிரும். ஐஎம்எக்ஸ்533, ஐஎம்எக்ஸ்571 சென்சார்களில் இந்தத் தொல்லை கிடையாது என்றே சொல்லலாம்.

இதோடு டார்க் கரண்ட்டும் சேர்கிறது. ஒளியே படாவிட்டாலும் சூட்டினால் பிக்சலில் தானாகச் சேரும் எலக்ட்ரான்கள் அவை. சென்சாரின் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் இது இரண்டு மடங்காகும். 12 டிகிரி குளிரில் எடுப்பதற்கும் 30 டிகிரி புழுக்கத்தில் எடுப்பதற்கும் நடுவே மூன்று இரட்டிப்பு இருக்கிறது, ஆக எட்டு மடங்கு. கோடையில் மொட்டை மாடியிலும் டிசம்பரில் கொடைக்கானலிலும் ஒரே கேமரா இரண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு லைவ் வியூவை (காட்சியைத் திரையில் நேரலையாகக் காட்டும் வசதி) அணைக்காமல் விட்டுவைப்பது. ஃபோகஸ் பார்க்க ஆன் செய்துவிட்டு, கால் மணி நேரம் அப்படியே வைத்திருந்து, அந்தச் சூட்டோடு படம் எடுக்கத் தொடங்குவார்கள். ஃபோகஸ் சரியானதும் அணைத்துவிடுங்கள், ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மடக்கும் திரை இருந்தால் வெளியே விரித்து வையுங்கள், பின்பக்கச் சூடு கொஞ்சம் வெளியேறும். படங்களைத் தானாக வரிசையாக எடுக்கும் இன்டர்வலோமீட்டரில் இரண்டு படங்களுக்கு நடுவே 30 விநாடி இடைவெளி விடலாம். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். சூடேறிய சென்சாரில் எடுத்த கூடுதல் படங்களால் பெரிய லாபம் இல்லை.

டார்க் ஃபிரேமில்தான் அதிகம் சறுக்குகிறோம்

உள்ளே பிறக்கும் ஒளியை எடுக்க உருப்படியான வழி டார்க் ஃபிரேம்தான். மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷர், அதே வெப்பத்தில் 20, 30 படம் எடுத்து, அவற்றின் சராசரியை வானப் படத்திலிருந்து கழிப்பது. எளிமையாகத்தான் தெரியும். ஆனால் மூன்று ‘அதே’க்களில் கடைசியை விட்டுவிடுகிறோம்.

இரவு முழுக்க எடுத்துவிட்டு, டார்க்கை மறுநாள் ஏசி அறையில் எடுப்பவர்கள் உண்டு. காரில் திரும்பும் வழியில் பையில் வைத்தே எடுப்பவர்களும் உண்டு. வெப்பம் பொருந்தாது, ஓரத்து ஒளி பாதிதான் போகும். டார்க் அதிகச் சூட்டில் எடுத்ததாக இருந்தால் ஓரம் கறுத்தே போகும். கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு ரா ஃபைலிலும் கேமராவின் உள்வெப்பம் பதிவாகிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் ‘கேமரா டெம்பரேச்சர்’ என்ற வரியில் பார்க்கலாம். வானப் படத்தில் 27, டார்க்கில் 19 என்று இருந்தால் அந்த டார்க்கை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் போதும். களத்திலேயே, படம் எடுத்து முடித்த கையோடு மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அப்புறம் ‘டார்க் ஆப்டிமைசேஷன்’. ஸ்டாக்கிங் மென்பொருள்களில் இப்படி ஒரு வசதி இருக்கும், டார்க்கைக் கூட்டிக் குறைத்து வானப் படத்தோடு பொருத்தப் பார்க்கும். டார்க் கரண்ட் மட்டும் இருக்கும் சென்சாரில் இது உதவும். ஆம்ப் குளோ உள்ள சென்சாரில் உதவாது, ஏனென்றால் ஓரத்து ஒளியும் படம் முழுவதும் உள்ள டார்க் கரண்ட்டும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. நடுப்பகுதிக்குச் சரியாகக் கழித்துவிட்டு ஓரத்தில் மிச்சம் வைக்கும். இந்த வசதியை அணைத்துவிடுங்கள். 300 விநாடி டார்க்கை வைத்து 120 விநாடிப் படத்தைச் சரிசெய்ய முயல்வதும் இதே கதைதான்.

கேமராவிலேயே ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்’ என்று இருக்கிறதே, அது போதாதா? ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா தானே ஒரு டார்க் எடுத்துக் கழித்துவிடும். வெப்பம் நன்றாகப் பொருந்தும் என்பது உண்மை. ஒன்றிரண்டு பால்வீதிப் படங்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் இரண்டு நிமிடப் படத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் போகும், இரவில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். நட்சத்திரத் தடம் எடுப்பவர்களுக்கு கோட்டில் இடைவெளி விழும். நூறு படம் ஸ்டாக் செய்கிறவர்கள் இதை அணைத்துவிட்டுத் தனியாக டார்க் எடுப்பதே மேல். இரண்டையும் சேர்த்துச் செய்தால், ஏற்கெனவே கழித்ததிலிருந்து மறுபடி கழிக்கிறீர்கள்.

டார்க்கால் முடியாத ஒன்றும் உண்டு. ஆம்ப் குளோவின் சராசரியைத்தான் அது எடுக்கும். அந்த ஒளியோடு வந்த இரைச்சல் அங்கேயே தங்கும். ஓரம் சமமாகிவிடும், ஆனால் நடுவை விடச் சொரசொரப்பாக இருக்கும். சூட்டைக் குறைப்பதும் நிறையப் படங்கள் எடுப்பதும்தான் அதற்கு வழி.

கசிவு

ஆப்டிகல் வியூஃபைண்டர் உள்ள டிஎஸ்எல்ஆரில் பின்பக்கக் கண் துளை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும். எக்ஸ்போஷரின்போது உள்கண்ணாடி மேலே எழுந்து அந்த வழியை மூடினாலும் ஓரங்களில் கொஞ்சம் நுழையும். நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நடமாடினால் போதும், படத்தில் ஒரு செந்திட்டு விழுந்துவிடும். பல கேனான் கேமராக்களைத் தோளில் மாட்டும் வாரிலேயே கோத்திருக்கும் சிறு ரப்பர் துண்டு இந்தத் துளையை மூடுவதற்குத்தான். நிக்கானில் சில பெரிய மாடல்களுக்கு வியூஃபைண்டரை மூட ஒரு சிறு நெம்புகோலே இருக்கிறது. இல்லாதவர்கள் கறுப்பு டேப் ஒட்டலாம். மிரர்லெஸ் கேமராவில் இந்த வழி கிடையாது.

வேறு இடுக்கு எங்காவது இருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச் போதும். இருட்டறையில் லென்ஸை மாட்டி, மூடி போட்டு, 30 விநாடிப் படம். அந்த நேரத்தில் டார்ச்சை வியூஃபைண்டர் மேல் மட்டும் அடியுங்கள். அடுத்த படத்தில் லென்ஸ் மவுன்ட் சேரும் இடத்தில், அதற்கடுத்து லென்ஸின் தூர அளவு தெரியும் சிறு ஜன்னலில். எந்தப் படத்தில் ஒளி விழுகிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள். நியூட்டோனியன் தொலைநோக்கியில் எடுப்பவர்கள் குழாயின் பின்பக்கத்தையும் சோதிக்க வேண்டும், அடிக் கண்ணாடியைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக நிறையவே வரும்.

கண்ணாடியும் பனியும்

லென்ஸைக் காக்கவென்று மாட்டிய யுவி ஃபில்டரை இரவில் கழற்றிவிடுங்கள். குதிரைத்தலை நெபுலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அல்நிடாக் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே எதிரொளித்து வட்டமாகப் பதியும். டார்க்கோ, ஃபிளாட்டோ (சமமான வெளிச்சத்தை எடுத்து, மூலைகளின் மங்கலைச் சரிசெய்யப் பயன்படுத்தும் படம்) எடுத்து இது போகாது.

முதல் படத்தில் இல்லாத மங்கல் வட்டம் போகப் போக எல்லா நட்சத்திரங்களைச் சுற்றியும் வளர்ந்தால் அது பனி ஈரம். மார்கழி இரவில் மலையில் லென்ஸ் நனைய அரை மணி நேரமே அதிகம். லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை வேண்டும். துணியால் துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும்.

ஃபிளாட் உண்டாக்கும் போலி ஒளி

முதலில் சொன்ன நான்கிலும் சேராத ஒன்றும் உண்டு. மூலைகள் நான்கும் நடுவை விடப் பளிச்சென்று இருந்தால் அதைச் செயல்முறையே உண்டாக்கியிருக்கலாம். டார்க்கும் வேண்டாம், பயஸும் (மூடி போட்டு மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுக்கும் படம்) வேண்டாம் என்று விட்டுவிட்டு ஃபிளாட்டை மட்டும் போடும்போது இது வரும். கேமரா ஒவ்வொரு பிக்சலிலும் சேர்க்கும் அடிப்படை எண்ணைக் கழிக்காமல் ஃபிளாட்டால் வகுத்தால், மூலையில் அந்த எண்ணும் சேர்ந்து பெருகிவிடும். முதலில் கழித்தல், பிறகுதான் வகுத்தல்.

வானத்தின் ஒளி

ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் நின்று எடுத்தாலும் வடமேற்கில் தாழ்வாக வாணியம்பாடி, ஆம்பூர் ஊர்களின் வெளிச்சம் ஏறி வரும். இதற்கு ஒளி மாசு ஃபில்டர் வாங்குவதுதான் பலருக்கும் முதல் யோசனை. சோடியம் விளக்குக் காலத்தில் அது நல்ல யோசனையாக இருந்தது. அந்த மஞ்சள் ஒளியின் பெரும்பகுதி 589 நானோமீட்டர் அருகிலேயே இருந்ததால் அதை மட்டும் வெட்ட முடிந்தது. இன்றைய வெள்ளை எல்இடி தெருவிளக்கு எல்லா நிறத்திலும் ஒளி விடுகிறது, அதை மட்டும் தனியாக வெட்ட முடியாது. சிவப்பு நெபுலாக்களுக்கு, ஒரு சில நிறத்தை மட்டும் உள்ளே விடும் குறுகிய பட்டை ஃபில்டர் உதவும். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்கு உதவாது. அது உச்சிக்கு வரும் நேரமாகப் பார்த்து எடுப்பது செலவில்லாத வழி.

வானத்தில் தெரியும் எல்லா ஒளியும் குறை என்று எண்ணிவிடுவதும் தவறுதான். நல்ல இருட்டில் படத்தின் பின்னணி பச்சையாக, பட்டை பட்டையாக, சில நிமிடங்களில் உருவம் மாறிக்கொண்டே இருந்தால் அது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன் விடும் 557.7 நானோமீட்டர் ஒளி. பிப்ரவரி, மார்ச்சில் சூரியன் மறைந்து இருட்டிய பிறகு மேற்கில் முக்கோணமாக எழும் வெண்மை, கோள்களின் தளத்தில் உள்ள தூசி மேல் படும் சூரிய ஒளி. இரண்டையும் விட்டுவையுங்கள், பார்க்கக் கிடைப்பதே அரிது.

மற்றபடி ஊர் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மென்பொருளில் எடுக்கலாம், இங்கேதான் அதற்கு வேலை. பின்னணியை அளக்கும் மாதிரிப் புள்ளிகளை அதுவாகவே வைக்க விடாமல், வெற்று வானம் உள்ள இடங்களில் நீங்களே வையுங்கள். ஓரியனில் உள்ள பார்னார்ட் வளையம் என்ற மங்கலான வாயு வளைவு, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள தூசி, ஆண்ட்ரோமெடாவின் வெளி விளிம்பு ஆகிய இடங்களில் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. விழுந்தால் அதையும் பின்னணி என்று கழித்துவிடும்.