டி.என்.ஏ. ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஸ்வாப் எடுப்பதிலிருந்து எண்ணைப் படிப்பது வரை

தடய மரபியலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கருவியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஒழுங்காக வருமா, முடிவைக் காட்டும் வரைபடம் தெளிவாக இருக்குமா என்று. ஆனால் இந்தத் துறையில் பேசப்படும் பெரிய தவறுகளை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் கருவி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ஒரு கேள்விக்கு அது தந்த பதிலை வேறொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. இந்தத் தடயம் இன்னாருடைய ப்ரொஃபைலோடு, அதாவது டி.என்.ஏ. அடையாளத்தோடு, ஒத்துப்போகிறதா என்பதற்குத்தான் டி.என்.ஏ. பதில் சொல்லும். அது எப்போது அங்கே வந்தது, எப்படி வந்தது, குற்றத்தைச் செய்தது யார் என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

மாதிரி கையில் வரும்போதே

ஈரமான துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுவது பழைய தவறு, இன்னும் நடக்கிறது. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைப்பதே நல்லது. திசுவை ஃபார்மலினில் போட்டு அனுப்புவதும் அப்படித்தான். நுண்ணோக்கியில் பார்க்க அது உதவும், டி.என்.ஏ.வுக்குக் கேடு.

'ஸ்டெரைல்' என்று உறையில் அச்சிட்டிருந்தால் அதில் டி.என்.ஏ. இருக்காது என்று நம்புவது இன்னொரு தவறு. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007-ல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட வழக்கில், முகம் தெரியாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. அதே பெண்ணின் ப்ரொஃபைல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளில் ஏறத்தாழ 40 சம்பவ இடங்களில் பதிவாகியிருந்தது. 2009-ல்தான் விஷயம் தெரிந்தது. அந்த டி.என்.ஏ., தடயம் எடுக்கப் பயன்படுத்திய ஸ்வாப்களை, அதாவது பஞ்சுக் குச்சிகளை, கையாண்ட ஒரு தொழிலாளியுடையது. கிருமி நீக்கம் செய்தால் கிருமி சாகும். அதில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. போய்விடாது. தடயவியல் பொருட்களில் மனித டி.என்.ஏ. மாசைக் குறைப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிர்ணயம் 2016-ல் வந்தது. வாங்கும்போது அதைப் பாருங்கள். ஒவ்வொரு பேட்சிலும் பயன்படுத்தாத குச்சி ஒன்றையும் சேர்த்துச் சோதியுங்கள்.

இங்கிலாந்தில் 2011-ல் இதைவிட வேதனையான ஒன்று நடந்தது. ஆய்வகத்தில் ஒருமுறை பயன்படுத்திய பிளாஸ்டிக் தட்டை மறுபடி எடுத்துவிட்டார்கள். அதில் மிச்சமிருந்த ஒருவருடைய டி.என்.ஏ., அவர் கால்கூட வைக்காத ஊரில் நடந்த பாலியல் வன்முறை வழக்கின் மாதிரியில் போய்ச் சேர்ந்தது. அந்த இளைஞர் பல மாதங்கள் சிறையில் இருந்தார். வெற்று கன்ட்ரோல் (டி.என்.ஏ. எதுவும் சேர்க்காமல் ஓட்டும் சோதனை) சுத்தமாக வந்துவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கன்ட்ரோல் தன் குழாயில் நடந்ததை மட்டுமே காட்டும். பக்கத்துக் குழாயில் விழுந்தது அதற்குத் தெரியாது. அதனால்தான் ஊழியர்களின் ப்ரொஃபைலோடும் அண்மையில் அதே மேசைக்கு வந்த மாதிரிகளோடும் முடிவை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

வரைபடத்தைப் படிக்கும்போது

ஒரு மனித செல்லில் சுமார் 6.6 பிக்கோகிராம் டி.என்.ஏ. இருக்கிறது. 100 பிக்கோகிராம் கிடைத்தது என்றால், கையில் இருப்பது 15 செல்கள் அளவுதான். இவ்வளவு குறைவாக இருக்கும்போது டி.என்.ஏ.வின் ஓர் இடத்தில் ஒருவருக்குத் தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரண்டு அல்லீல்களில் (வடிவங்களில்) ஒன்று தற்செயலாகவே பெருகாமல் போய்விடலாம். வரைபடத்தில் ஒற்றை உச்சியைப் பார்த்ததும் 'ஹோமோசைகஸ்' (இரண்டும் ஒரே அல்லீல்) என்று எழுதிவிடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மண்ணில் உள்ள ஹ்யூமிக் அமிலம், ஜீன்ஸ் துணியின் இண்டிகோ சாயம், ரத்தத்தின் ஹீம் ஆகியவை பி.சி.ஆரைத் தடுக்கும். நீளமான துண்டுகள் மட்டும் வரவில்லை என்றால், ஆள் மேல் சந்தேகப்படும் முன் மாதிரியைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஸ்டட்டர், பி.சி.ஆரின்போது உண்டாகும் போலி உச்சி. அல்லீலின் எண் என்பது அங்கே திரும்பத் திரும்ப வரும் துண்டின் (ரிப்பீட்) எண்ணிக்கை. உண்மையான அல்லீலுக்கு ஒரு ரிப்பீட் முன்னால் ஒரு சின்ன உச்சி வரும். பெரும்பாலும் தாய் உச்சியின் 15 சதவீதத்துக்குள் இருக்கும். டி.என்.ஏ.வின் ஓர் இடத்தில் 15-ம் அல்லீல் 1800 உயரம், 17-ம் அல்லீல் 1650 உயரம், கூடவே 14-ல் 150 உயரத்துக்கு ஒரு சின்ன உச்சி என்று வைத்துக்கொள்வோம். 150 என்பது 1800-ல் எட்டு சதவீதம் சொச்சம். அது 15-ன் ஸ்டட்டராக இருக்கலாம். பத்தில் ஒரு பங்கு டி.என்.ஏ. தந்த இரண்டாவது ஆளாகவும் இருக்கலாம். இந்த ஓர் இடத்தை மட்டும் வைத்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது சந்தேக நபரின் ப்ரொஃபைலை எடுத்துப் பார்த்து, அவரிடம் 14 இருக்கிறது என்றால் "சரி, அது அல்லீல்தான்" என்று முடிவுகட்டுவதை மன்னிக்கவே முடியாது. தடயத்தை முதலில் படித்து, எது அல்லீல், எது இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே சந்தேக நபரின் தாளைத் திறக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. ஆய்வாளர்கள் இட்டியேல் ட்ரோர், கிரெக் ஹாம்பிகியன் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தீர்ப்பான வழக்கு ஒன்றின் கலப்பு மாதிரியை (ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் டி.என்.ஏ. கலந்தது), வழக்கு விவரம் எதுவும் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். வழக்கில் சொன்ன முடிவோடு ஒத்துப்போனவர் ஒரே ஒருவர். 12 பேர் அந்த நபரை விலக்கினார்கள், 4 பேர் முடிவு சொல்ல முடியாது என்றார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2013-ல் 108 ஆய்வகங்களுக்கு அனுப்பிய கலப்புகளில் ஒன்றில், மாதிரியில் இல்லவே இல்லாத ஒருவரை 74 ஆய்வகங்கள் உள்ளே சேர்த்துவிட்டன. இப்போது நிகழ்தகவு சாஃப்ட்வேர்கள் வந்து நிலைமையை நன்றாகவே மாற்றியிருக்கின்றன. ஆனால் எத்தனை பேர் கலந்திருக்கிறார்கள் என்பது போன்ற அனுமானங்களை இன்னும் மனிதர்தான் கொடுக்கிறார். இரண்டு என்று கொடுத்ததை மூன்று என்று மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஆணா பெண்ணா என்பதை அமெலோஜெனின் என்ற பாலினம் காட்டும் மரபணு ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். ஒய் குரோமோசோமில் அந்தப் பகுதி அழிந்துபோன ஆண்கள் உண்டு, தெற்காசிய மக்களிடையே இது அவ்வளவு அரிதும் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் ரத்தத்தில் தானம் தந்தவரின் ப்ரொஃபைல் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்

அதிகக் கெடுதல் நடப்பது இங்கேதான். 'பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இந்த ப்ரொஃபைல் இருக்கும்' என்று அறிக்கை சொல்கிறது. 'அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்' என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். இரண்டும் ஒன்றில்லை. குற்றம் செய்திருக்கக்கூடியவர்கள் 50 லட்சம் பேர் என்றால், இவரைத் தவிர இன்னும் சுமார் 5 பேருக்கு அதே ப்ரொஃபைல் இருக்கும். வேறு எந்தச் சாட்சியும் இல்லாத நிலையில், இவர்தான் என்பதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு.

தரவுத்தளத்தில் தேடி ஆளைப் பிடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. இங்கிலாந்தில் 1999-ல் பார்க்கின்சன் நோயாளி ஒருவர், தன் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் நடந்த திருட்டுக்காகக் கைதானார். டி.என்.ஏ.வின் ஆறு இடங்களில் ப்ரொஃபைல் பொருந்தியது. தற்செயலாகப் பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு என்றார்கள். அப்போது தரவுத்தளத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள்: 53-ல் ஒன்று. குற்றவாளி தரவுத்தளத்திலேயே இல்லாத 53 வழக்குகளைத் தேடினால், சராசரியாக ஒரு வழக்கில் யாராவது ஓர் அப்பாவி சிக்குவார். ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தேடும் இடத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பத்து இடங்களில் சோதித்ததும் அவர் இல்லை என்று தெளிவானது. இப்போது 20 இடங்களுக்கு மேல் பார்க்கிறோம், முழு ப்ரொஃபைலில் இந்த ஆபத்து மிகக் குறைவு. சிதைந்த மாதிரியில் ஏழெட்டு இடங்கள் மட்டும் கிடைக்கும்போது பழைய ஆபத்து அப்படியே திரும்பி வருகிறது. உடன்பிறந்தவர்கள் சந்தேக வட்டத்தில் இருந்தால் அவர்களுக்கான எண்ணைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. வகையில் ஒரு சின்னக் கணக்கு. 500 பேர் உள்ள தரவுத்தளத்தில் ஒரு வகை ஒருமுறைகூட வரவில்லை என்றால் அதன் அளவு பூஜ்யம் என்று எழுதக் கூடாது. 95 சதவீத நம்பிக்கை வரம்பில் அது 0.6 சதவீதம் வரை இருக்கலாம், அதாவது சுமார் 167 பேரில் ஒருவர். தாய்வழி உறவினர்கள் எல்லோரும் பொதுவாக அதே வகையைத்தான் வைத்திருப்பார்கள் என்பது இதற்கும் மேலே.

ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு

ஒரு மக்கள்குழுவின் அல்லீல் அளவைக் கணக்கிட வந்தவர்கள், வசதிக்காக ஒரே குடும்பத்திலிருந்து நாலைந்து பேரை எடுத்துவிடுவதுண்டு. 200 பேர் என்று எழுதியிருக்கும். உண்மையில் தகவல் அதைவிடக் குறைவு. 20 இடங்களுக்கு ஹார்டி-வெயின்பெர்க் சோதனை (அல்லீல்கள் எதிர்பார்த்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்து 0.05 என்ற எல்லையை வைத்தால் சராசரியாக ஒன்று தற்செயலாகவே தவறும். அதைப் பார்த்துப் பதறி அந்த இடத்தையே நீக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். எல்லையை 20 ஆல் வகுத்து 0.0025 ஆக்குங்கள். அதற்குப் பிறகும் தவறினால்தான் அல்லீல் ஏதும் விடுபட்டதா என்று மூலத் தரவைத் திறந்து பார்க்க வேண்டும். அனுப்பும் முன் எஸ்.டி.ஆர். (ரிப்பீட் எண்ணிக்கை) தரவை ஸ்ட்ரைடர் என்ற தரவுத்தளத்திலும், மைட்டோகாண்ட்ரியா தரவை எம்பாப் என்ற தரவுத்தளத்திலும் சரிபார்க்கக் கொடுங்கள். தட்டச்சுப் பிழையும் மாதிரி மாறிப்போனதும் அங்கே பிடிபடும்.

புது டி.என்.ஏ. ஆய்வுக் கிட்டைச் சோதிப்பதாகச் சொல்லிவிட்டு, புத்தம் புதிய ரத்தத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் 'திறன் மிக்கது' என்று முடிப்பது வீண் வேலை. வழக்கில் வருவது வெயிலில் காய்ந்த எலும்பும் பல பேர் தொட்ட கைப்பிடியும்தான். முடிவு கிடைக்காமல் தோல்வியடைந்த மாதிரிகளையும் அட்டவணையில் போடுங்கள். எந்த அளவுக்குக் கீழே முறை நம்பத்தக்கதாக இல்லை என்பதை மற்ற ஆய்வகங்கள் அதிலிருந்துதான் தெரிந்துகொள்ளும்.

ஒப்புதல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாதிரி தந்தவர்களின் முறையான சம்மதம் உறுதிப்படாததால், சிறுபான்மை மக்களைப் பற்றிய பல தடய மரபியல் கட்டுரைகள் அண்மை ஆண்டுகளில் இதழ்களால் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. காவல் துறை கொண்டுவந்து வரிசையில் நிறுத்தியவரிடம் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. மறுத்தால் தனக்கு எதுவும் நேராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாசிக்கும் மொழியில் படிவம் இருக்க வேண்டும், பின்னாளில் தன் மாதிரியை விலக்கிக்கொள்ள யாரிடம் கேட்பது என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும்.