காந்தத் துகளால் நீரிலிருந்து செம்பைப் பிரிப்பது எப்படி?

முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரில் செம்பு, நிக்கல், குரோமியம் எல்லாம் கரைந்தே வரும். மணலில் வடிகட்டினாலும் நிற்காது. ஆனால் காந்தம் இழுக்கும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களில் ஒட்டிக்கொள்ளும். 10 நானோமீட்டர் துகள்கள் ஒரு கிராம் இருந்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 100 சதுர மீட்டரைத் தாண்டும். ஏறக்குறைய இரண்டரை சென்ட் மனை! கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் துணையோடு செய்து பாருங்கள்.

படி 1: துகள் தயாரிப்பு
காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கள். கரைந்துள்ள ஆக்சிஜன் போக வேண்டும். அதில் 100 மில்லி எடுத்து, 5.4 கிராம் ஃபெரிக் குளோரைடு படிகத்தையும் 2.8 கிராம் ஃபெரஸ் சல்பேட்டையும் (நம் அன்னபேதிதான்) கரையுங்கள். 70 டிகிரிக்குச் சூடாக்கி, புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். கரைசல் பழுப்பாகக் குழம்பி, பிறகு மைபோல் கறுக்கும். பிஎச் (அமில-கார அளவு) 10 வந்ததும் நிறுத்துங்கள். செம்பழுப்பாகவே நின்றுவிட்டால் ஃபெரஸ் இரும்பைக் காற்று கெடுத்துவிட்டது, புதிதாகத் தொடங்குங்கள்.

படி 2: கழுவுதல்
பீக்கருக்கு அடியில் காந்தத்தை வையுங்கள். கறுப்பெல்லாம் அடியில் திரண்டு, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை இறுத்துவிட்டு, பிஎச் 7 வரும்வரை கழுவுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். மிஞ்சும் அம்மோனியா செம்பைத் தன்னோடு பிணைத்து நீரிலேயே வைத்துக்கொள்ளும்.

படி 3: செம்பு நீர்
ஒரு லிட்டர் நீரில் 0.2 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்தால் சுமார் 50 மில்லிகிராம் செம்பு இருக்கும். ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கு இந்தியாவில் உள்ள பொது வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

படி 4: பிஎச்
எல்லாம் இதில்தான் இருக்கிறது. 100 மில்லி செம்பு நீரில், தயாரித்த துகளில் கால் பங்கைப் போட்டு, நீர்த்த அமிலத்தாலோ காரத்தாலோ பிஎச்சை 5 முதல் 5.5 வரை கொண்டுவாருங்கள். 3-க்குக் கீழே போனால் துகளின் மேல் செம்பு ஒட்டவேண்டிய இடத்தை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துக்கொள்ளும். 6-ஐத் தாண்டினால் செம்பு தானாகவே ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்கும். துகள் பிடித்தது எவ்வளவு என்றே தெரியாது. ஒரு மணி நேரம் கலக்குங்கள். இடையில் பிஎச்சை மறுபடி பாருங்கள்.

படி 5: சோதனை
காந்தத்தால் துகளைப் பிரித்து, பழைய நீரையும் (துகள் போடாதது) புதிய நீரையும் (துகள் பிரித்தது) இரு சோதனைக் குழாய்களில் ஊற்றி அம்மோனியா விடுங்கள். வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, மேலிருந்து பாருங்கள். பழைய நீரில் மெல்லிய நீலம் தெரியும். புதியதில் அது மங்கியிருக்க வேண்டும். துல்லியமான அளவுக்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானி என்ற கருவி தேவை.

செம்பு அழியவில்லை, துகளுக்கு இடம் மாறியிருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் ஊறவைத்தால் பெரும்பகுதி கழன்றுவிடும். அந்த அமிலத்தைப் பெயர் எழுதிய புட்டியில் சேர்த்து, ஆய்வகத்தின் அபாயக் கழிவில் ஒப்படையுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது.