கட்டற்ற எழுத்துருவைத் தேர்ந்து பயன்படுத்துவது எப்படி?

‘இலவசம்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பல எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். தரவிறக்கிய ஜிப் கோப்புக்குள் உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் 1.1 (கட்டற்ற எழுத்துருக்களுக்கான உரிமம்) என்றிருந்தால் லோகோ, அச்சு, வணிக வேலை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. மாற்றியமைத்து வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் தரவேண்டும். உரிமத்தில் ‘ஒதுக்கப்பட்ட பெயர்’ (ரிசர்வ்ட் ஃபான்ட் நேம்) என்று குறித்திருந்தால், மாற்றிய எழுத்துருவுக்குப் புதுப்பெயர் வையுங்கள்.

தமிழுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றையும் தயங்காமல் எடுக்கலாம். நிறுவியதும் ‘கொ, பௌ, ணு, க்ஷ, ஸ்ரீ’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பு இடம்மாறி நின்றால் குறை பெரும்பாலும் எழுத்துருவில் இல்லை, மென்பொருள் அமைப்பில்தான்: பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுங்கள். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா (எம்பெட்) என்பதையும் பார்த்துவிடுங்கள்.