சாவியைக் கொடுப்பதற்கு முன்னால்: வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு

நம் ஊரில் வீட்டை வாடகைக்கு விடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். டு-லெட் போர்டு மாட்டுவோம், நாலு பேர் வந்து பார்ப்பார்கள், அதில் ஒரு குடும்பம் மனசுக்குப் பிடித்துப்போகும், அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவோம். அக்ரிமெண்ட்? அப்புறம் போட்டுக்கொள்ளலாம். எங்கள் மாடிப் போர்ஷனை அம்மா அப்படித்தான் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று விட்டார். ஆறாவது வருஷம் வாடகை நின்றபோது, மாத வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று காட்டுவதற்கு எங்களிடம் இருந்தது அம்மாவின் டைரியில் பென்சிலில் எழுதிய ஒரே ஒரு வரி. அந்த வீட்டைத் திரும்பப் பெற நாங்கள் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு. மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

முதலில் சட்டம் மாறிவிட்டது என்பதை மனதில் வையுங்கள். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் நிறைவேறிய, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயம் என்று ஒன்று இருந்தது, அதற்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் உண்டு. புதுச் சட்டத்தில் வாடகை என்பது நீங்களும் குடி வருபவரும் பேசி எழுதிக்கொள்வதுதான். அதனால்தான் எழுத்து இவ்வளவு முக்கியமாகிவிட்டது. எழுதவில்லை என்றால் சட்டம் உங்களுக்காகப் பேசுவதற்கு ஒன்றுமே இருக்காது.

வாய்மொழி வாடகை செல்லாது, எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இந்த வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். இதற்காக அரசு ஒரு இணையதளமே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தின் நகல், இருவரின் விவரம், வீட்டின் விவரம் எல்லாம் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். ஒப்பந்தம் போட்டு 90 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தைப் பிறகு சாட்சியாகக் காட்டப்போனால் சிக்கல்தான். 90 நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், குடி வந்த பிறகு கையெழுத்துக்கும் அடையாள அட்டை நகலுக்கும் அவர்கள் பின்னால் நீங்கள்தான் நடக்க வேண்டியிருக்கும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று. "பதினோரு மாசம்தானே போட்டிருக்கேன், பதிவு எதுக்கு?" என்பார்கள். அது வேறு பதிவு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினோரு மாத வழக்கம் வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்கிற பதிவு அதோடு சேராது, பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் அது உண்டு.

பதினோரு மாதம் என்றால் கூடவே வருகிற இன்னொரு பயம், பன்னிரண்டு வருஷம் ஒருவர் குடியிருந்துவிட்டால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடும் என்பது. அப்படி ஆகாது. உங்கள் அனுமதியோடு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைதாரர்தான். உங்களிடம் குடி வந்தவர் அங்கே இருந்துகொண்டே நீங்கள் உரிமையாளர் இல்லை என்று வாதாட சாட்சியச் சட்டம் இடம் தராது. ஆனால் அவர் வாடகைதாரர்தான் என்று நிரூபிக்க ஒப்பந்தமும் ரசீதும் வேண்டுமே. அதனால் வாடகையைக் கையில் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் அன்றைக்கே ரசீது கொடுங்கள், அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

லீசுக்கு, அதாவது போக்கியத்துக்கு விடுகிறீர்களா? மொத்தமாகச் சில லட்சங்களை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது சென்னையிலும் மற்ற ஊர்களிலும் சாதாரணம், பெரும்பாலும் வெறும் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரையோடு முடித்துவிடுகிறார்கள். அடமானத்தின் தன்மை உள்ள பத்திரம் அது, பதிவு செய்தால்தான் மதிப்பு. பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நிற்கிற உரிமையாளர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளை கல்யாணத்துக்கு வாங்கிச் செலவழித்துவிட்டு, அடுத்தவர் வந்து பணம் தந்தால்தான் இவரைக் காலி செய்யச் சொல்ல முடியும் என்ற நிலை. முடிந்தவரை வேண்டாம் என்பேன்.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னையில் பத்து மாத வாடகை கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தைத் தொடாமல் தனியாகப் போட்டு வையுங்கள். அது உங்கள் பணம் இல்லை.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? வாடகை, அது எந்தத் தேதிக்குள் வர வேண்டும், எப்போது எவ்வளவு ஏறும், பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின் கட்டணம் யார் கட்டுவது, எத்தனை பேர் இருப்பார்கள், உள்வாடகைக்கு விடக்கூடாது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ். நடுவில் வாடகை ஏற்ற வேண்டுமென்றால் அதற்கான வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பத்து மாதம் கழித்து வாசலில் நின்று "அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் கூட" என்று சொல்வது செல்லாது.

ரிப்பேர் தகராறுக்குச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையே பதில் வைத்திருக்கிறது, அதை அப்படியே ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் இவை உரிமையாளர் செலவு. குழாய் வாஷர், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் செலவு. மாடியில் இருந்து நீர் கசிந்தால் அது நம்முடையதுதான், சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டு வாடகைக்கு விடுவது சரியில்லை.

சாவி கொடுக்கிற நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவரையும் கூட வைத்துக்கொண்டு போனில் வீடியோ எடுங்கள், வாசல் கதவில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக. மின் மீட்டரின் எண் தெரியும்படி ஒரு போட்டோ. எத்தனை ஃபேன், எத்தனை ட்யூப்லைட், அலமாரிக் கதவு தொங்குகிறதா, பாத்ரூம் டைல்ஸில் எங்கே விரிசல், சாவி எத்தனை. எங்கள் வீட்டில் இப்போது குடியிருப்பவர் வந்த அன்று சமையலறை சிங்க் அடியில் ஒரு ஈரத் திட்டு இருந்தது, அதையும் எடுத்து "வரும்போதே இருந்தது" என்று எழுதி வாட்ஸ்அப்பில் இருவரும் அனுப்பிக்கொண்டோம். போன வருஷம் அது பெரிதானபோது யார் செலவு என்ற பேச்சே எழவில்லை, பிளம்பரை நான்தான் கூப்பிட்டேன். அடையாள அட்டை, வேலை பார்க்கும் இடத்தின் விவரம் வாங்கிக்கொண்டு, குடியிருப்பவர் பற்றிய தகவலை உள்ளூர் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள்.

கீழ்த்தளத்தைக் கடைக்கோ ஆபீசுக்கோ விடுபவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நோட்டீஸ் வருவது கடைக்காரருக்கு இல்லை, உங்களுக்கு. உங்கள் மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது, முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா என்பதைச் சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ-விலும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்புத் துறையிலும் சர்வே எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். எந்த மண்டலத்தில் எந்தத் தொழில் எவ்வளவு பரப்பில் நடக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இருக்கிறது. மண்டலம் சரி என்றாலும், வீடு என்று அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவது தனி விஷயம். கார் நிறுத்த விட்ட இடத்தை ஷட்டர் போட்டுக் கடையாக்கினால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் பூட்டி சீல் வைக்கிற அளவுக்குப் போகும். வீட்டு மின் இணைப்பில் கடை ஓடக்கூடாது, கட்டணப் பிரிவை மாற்ற வேண்டும். சொத்து வரியும் மாறும். மகளிர் விடுதிக்கு விடுவதென்றால் 2014-ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் சாவி கொடுக்காதீர்கள், அங்கே தங்கப்போவது ஊர் விட்டு வந்த பெண் பிள்ளைகள்.

வரியில் ஒரே ஒரு விஷயம். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் குடியிருப்பவர் வாடகையில் 2 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்தம், அதற்கு வாடகை இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்ற வரம்பு கிடையாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இங்கே வீட்டை விடுகிறவர்கள் குடி வருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சரி, வாடகை நின்றுவிட்டது. கோபத்தில் நாம் செய்யத் துணிவது மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது. செய்யாதீர்கள். அத்தியாவசிய வசதியை நிறுத்துவதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது, அவர் வாடகை அதிகாரியிடம் போனால் அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் போய்விடும். வீட்டைப் பார்க்க உள்ளே போவதற்கே 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரி மனுப் போடலாம். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, நோட்டீஸுக்குப் பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்ட வேண்டியது, உங்களுக்கே வீடு தேவைப்படுவது இவையும் காரணங்கள். எங்களைப் போல எழுத்தே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, ஒப்பந்தம் போட இரு தரப்பும் இணங்கவில்லை என்பதே ஒரு காரணம். வக்கீல் அதை எங்களுக்குச் சொல்லவே நாலு மாதம் ஆனது. முதலில் எழுத்து ஒப்பந்தத்துக்கு அழைத்து நோட்டீஸ் அனுப்புங்கள், அவர் பதில் தராவிட்டால் அதுவும் உங்கள் கோப்பில் ஒரு காகிதம்.

ஒப்பந்தக் காலம் முடிகிற தேதியைப் போனில் நினைவூட்டலாக வையுங்கள், இரண்டு மாதம் முன்னாலேயே. புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால் பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் என்று, அதிகபட்சம் ஆறு மாதம் வரை, நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. காலி செய்யும் நாளில் பழைய வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள், மீட்டரை மறுபடி படம் எடுங்கள், கழிக்கிற ஒவ்வொரு தொகைக்கும் பில் காட்டுங்கள், மீதியை வங்கி மூலம் அனுப்பிவிட்டு, "வீட்டை ஒப்படைத்தேன், அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.