தொய்வு பாதிகூட வரவில்லை: ஃப்ரீகேடில் மூன்று நாள்

ஆய்வகத்தில் 300 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள எஃகுப் பட்டையை ஒரு முனையில் இறுக்கி, மறுமுனையில் 10 நியூட்டன் எடை தொங்கவிட்டோம். தொய்வை அளக்கும் டயல் கேஜ் காட்டியது 1.7 மி.மீ. சூத்திரப்படியும் 1.73. ஃப்ரீகேட் வடிவமைப்பு மென்பொருளில் வரைந்து, கால்குலிக்ஸ் என்ற கணக்கீட்டு நிரலில் ஓட்டிய மாதிரியில் மட்டும் 0.7.

எஃகின் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 200 ஜிகாபாஸ்கல், சரிதான். விசையின் திசை, அசையாமல் பிடித்த நிலைப்பு முகம் எல்லாம் சரி. மெஷ், அதாவது பட்டையைச் சிறு உறுப்புகளாகப் பிரிக்கும் வலை; அதன் அளவை 5 மி.மீ.யிலிருந்து 2.5 ஆக்கினேன், 1.2 வந்தது. இன்னும் பொடியாக்கினால் ஆய்வகக் கணினி திணறியது.

ஒரு மாணவர் குணகத்தைக் குறைத்துத் தொய்வைப் பொருத்திவிட்டார். துப்பு அங்கேதான் கிடைத்தது. தொய்வு பொருந்தியும் தகைவு (ஓரலகு பரப்பில் எழும் உள்விசை) அசையவே இல்லை. கைக்கணக்கில் பிடிமுனையில் 28.8 மெகாபாஸ்கல், திரையில் அதில் பாதிகூட இல்லை. விசை மாறாதபோது இந்தத் தகைவு குணகத்தைச் சார்ந்ததல்ல. ஆக, பிழை பொருளில் இல்லை, மெஷ்ஷில்.

கால்குலிக்ஸுக்குப் போகும் ஐஎன்பி உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தால் உறுப்பின் வகை 'சி3டி4' என்றிருந்தது: மூலைகளில் மட்டும் நான்கு கணு (கணக்கிடும் புள்ளி) உள்ள நான்முகி. வேகத்துக்காக யாரோ உறுப்பை இந்த எளிய வகைக்கு, அதாவது முதல் வரிசைக்கு, மாற்றியிருக்கிறார்கள். அத்தகைய ஓர் உறுப்பின் உள்ளே திரிபு (நீளும் அல்லது சுருங்கும் விகிதம்) எங்கும் ஒரே மதிப்புதான். வளையும் பட்டையிலோ மேலே இழுவிசை, கீழே அழுத்தம். தடிமனில் ஒரே அடுக்கு இருந்தால் அதைக் காட்ட வழியில்லாமல் விறைத்துக்கொள்ளும்.

மெஷ் உருவாக்கும் ஜிமெஷ் கருவியின் சாளரத்தில் உறுப்பு வரிசையை இரண்டாவதாக மாற்றி மெஷ்ஷை மறுபடி உருவாக்கினேன். கோப்பில் 'சி3டி10', அதாவது பத்து கணு நான்முகி, வந்தது. அதே 5 மி.மீ. அளவிலேயே தொய்வு 1.72.