ஒரே மைக்கில் ஒரு மர்ம நாடகம்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவின் கைமுடைப்பட்ட உள்ளூர் வானொலிகளுக்கு மர்ம நாடகம் தோதாக இருந்தது. செட்டும் உடையும் வேண்டாம். கேட்பவரே இருட்டை மனதில் போட்டுக்கொள்வார். இங்கேயும் 1927இல் பணமில்லாமல் நின்ற மெட்ராஸ் ரேடியோ கிளப் ஒலிபரப்பை 1930இல் மாநகராட்சிதான் எடுத்து நடத்தியது. சமுதாய வானொலியில் நாடகம் போடுபவர்களுக்கு அந்தச் சிக்கனம் இன்றும் உதவும்.

15 நிமிட நிகழ்ச்சி என்றால், வாசித்துப் பார்க்கையில் 12 நிமிடம் வருமளவு எழுதுங்கள். மீதியை ஓசையும் மௌனமும் தின்றுவிடும். நான்கு குரல் போதும். ஒத்த வயது ஆண்குரல் இரண்டு ஒரே காட்சியில் வந்தால், பேசுவது யார் என்பதே மர்மமாகிவிடும். புதிதாக வருபவரை இரண்டு வரிக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுங்கள்.

துப்பு காதில் விழ வேண்டும். "ஐயோ, மேஜைமேல ரத்தக்கறை படிஞ்ச கைக்குட்டை!" என்று ஒருவர் வர்ணித்தால் நாடகம் படுத்துவிடும். போனில் ஒருவன், "பெசன்ட் நகர் வீட்லதான் சார் இருக்கேன்" என்கிறான். பின்னால் எலெக்ட்ரிக் ட்ரெயின் தடதடக்கிறது. பெசன்ட் நகரில் ஏது தண்டவாளம்? நாலாவது நிமிடத்தில் கேட்டதைப் பத்தாவது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் எடுக்கட்டும். ட்ரெயின்மேல் வசனம் ஏறினால் யாருக்கும் கேட்டிருக்காது, முடிவு மோசடியாகத் தெரியும். போன் குரலுக்கு எவர்சில்வர் டம்ளருக்குள் பேசினால் சரி.

அன்றைய ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும். நடிகர்கள் எதிரெதிரே நின்றார்கள், பக்கவாட்டில் நகர்ந்தால் குரல் தேயும். இன்று கையில் கிடைப்பது பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக்தான். சுற்றி நின்றால் பின்னாலிருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். ஒரு முழம் தள்ளி அரைவட்டமாக நில்லுங்கள். படியேறி வருபவர் ஆறடி தூரத்திலிருந்து பேசிக்கொண்டே நடந்து வரட்டும். வால்யூமைக் குறைத்தால் தூரம் வராது, பக்கத்தில் முணுமுணுப்பது போலத்தான் இருக்கும்.

ஓசைக்குச் சமையலறை போதும். சிகாகோவின் நள்ளிரவுத் திகில் நாடகங்களில் தலை வெட்ட முட்டைக்கோஸைத்தான் வெட்டினார்கள். மழைக்கு முறத்தில் அரிசியைச் சாய்த்து உருட்டுங்கள். நெருப்புக்கு செலோபேன் தாளை மெல்லக் கசக்கலாம். மைக்குக்கு மிக அருகே போனால் மிட்டாய் பிரிப்பதுபோலக் கேட்கும். பனியில் நடக்கும் ஓசைக்கு அந்த அமெரிக்க வானொலிக்காரர்கள் பையில் கட்டி அமுக்கிய சோளமாவு நமக்கு மெரினா மணலாகும்.

பதிவுக்கு முன் ஃபேனை நிறுத்துங்கள். வசனத்தாளை ஸ்டேப்பிள் அடிக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். முடித்த தாளைப் புரட்டாமல் தரையில் நழுவவிடுங்கள்.