வெண்டை ஏன் மஞ்சளித்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டம் தொடங்க நமக்கு வசந்தம் ஏது? வருடக் கடைசி மழை ஓய்ந்து, தைப்பூசம் வரும்போதுதான் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியைத் தூக்குவேன்.

போன முறை வெண்டை ஒரு சாண் வளர்ந்து மஞ்சளித்து நின்றுவிட்டது. சத்துக் குறைவென்று கோழி எருவைக் கொட்டினேன்; இன்னும் மோசம். பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாய்த் தடித்து, பக்கவேரே இல்லை. மண்ணைச் சோதித்தேன்: பிஎச் எனும் புளிப்பு அளவு 4.5. கடும் புளிப்பு மண்; அதுதான் வேரை முடக்கியிருக்கிறது!

இந்த முறை புளிப்பைக் குறைக்கச் சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் எரு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கே சொல்லும்.

"சுண்ணாம்புக்குப் பதில் அடுப்புச் சாம்பல் போதாதா தம்பி?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. கேஸ் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? இப்போது வெண்டை இடுப்புயரம். அத்தைக்கும் ஒரு பை போகிறது.